அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானும் நடைவண்டியும்: எந்த வயதுப் பிள்ளைக்கு எது?

நெல்லையப்பர் கோயில் ரத வீதி, பாபநாசம், குற்றாலம், திருச்செந்தூர் என்று நெல்லைச் சீமையில் கூட்டம் கூடுகிற எந்த ஊருக்குப் போனாலும் அம்பாசமுத்திரம் பக்கம் கடைகிற மரச் சொப்பும், பிள்ளை பிடித்துத் தள்ளிக்கொண்டு நடக்கிற நடைவண்டியும் கடை வாசலில் கண்ணில் படும். ஆனித் தேருக்கும் சாரலுக்கும் வந்துவிட்டுத் திரும்புகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாங்கிப் போவதும் இதைத்தான். "எந்த வயசுப் பிள்ளைக்கும் ஆகும்" என்று சொல்லிக் கொடுப்பார்கள். அப்படி இல்லை. மூன்று வயதிலிருந்து ஏழு வயது வரை சொப்புப் பெட்டிக்கு ஈடான விளையாட்டுச் சாமான் சுலபத்தில் கிடைக்காது. அதே பெட்டியை முழுசாக ஒரு வயதுக் குழந்தை முன்னால் கொட்டினால் ஆபத்து. நடைவண்டி நல்ல பொருள்தான், ஆனால் அதை வாங்குகிற காரணம் பெரும்பாலான வீடுகளில் தவறு. குழந்தை வளர்ச்சியின் படிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு உருப்படியாகப் பார்த்தால்தான் இதெல்லாம் பிடிபடும்.

முதலில் சரக்கு. அடுப்பு, பானை, சட்டி, குடம், கரண்டி, அம்மி, குழவி, ஆட்டுரல், உரல், உலக்கை, திருகை, சுளகு: ஒரு வீட்டு அடுக்களை அப்படியே உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியது சொப்பு. எல்லாம் கடைசல் வேலை. மரத்தைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு உளியால் உருவம் எடுப்பார்கள். அரக்கு வேலை என்றால், சுழலும் உருப்படியின் மேல் நிறமேற்றிய அரக்குக் கட்டியை அழுத்துவார்கள். உரசுகிற சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் ஒட்டிக்கொள்ளும். முன்பு மஞ்சக்கடம்பு பேர்பெற்ற மரம். இப்போது தேக்கு, யூகலிப்டஸ், ரப்பர் மரம் என்று கலந்து வருகிறது. பழைய வழக்கப்படி பனையோலைப் பெட்டியில் அடைத்துத் தருவார்கள். பிளாஸ்டிக் உறையைவிட அதுதான் நல்லது, பெட்டியே ஒரு விளையாட்டுச் சாமானாகிவிடும்.

அரக்கு வேலையும் பெயிண்ட் அடித்த வேலையும் தள்ளி நின்று பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். குழந்தை வாயில் வைக்கிற பொருள் என்பதால் இந்த வித்தியாசம் முக்கியம். "அண்ணாச்சி, இது அரக்கா, பெயிண்டா?" என்று கேட்கத் தயங்க வேண்டாம். ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டினால் வைத்துவிடுங்கள். நகத்தால் சுரண்டும்போது தோல் மாதிரி உரிந்து வந்தால் அது பெயிண்ட். அரக்கு அப்படி உரியாது, கீறல்தான் விழும். பளீரென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புப் பெயிண்ட் என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும், ஈயம் கலக்கிற வழக்கம் இந்த நிறங்களில்தான் அதிகம். வீட்டுப் பெயிண்டிலேயே ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்திய விதி. 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் விளையாட்டுப் பொருட்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆனால் கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்களின் பொருட்களுக்கு விலக்கு உண்டு. ஆகவே மரச் சொப்பில் முத்திரை இல்லை என்பதாலேயே அது மட்டமான சரக்கு ஆகிவிடாது. சோதித்து வாங்குகிற பொறுப்பு நம் கைக்கு வருகிறது, அவ்வளவுதான்.

பிறந்த குழந்தைக்கு இந்தக் கடையில் வாங்க ஒன்றுமில்லை. முதல் வாரங்களில் அதற்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்தான் தெளிவாகத் தெரியும், பால் கொடுக்கிறவளின் முகம் இருக்கிற தூரம் அது. முகமும் குரலும் போதும். மூன்று நான்கு மாதத்தில் கை நீட்டத் தொடங்கும்போது கிலுகிலுப்பை வாங்கலாம். தற்செயலாகக் கை அசைந்து சத்தம் வரும், அந்தச் சத்தத்துக்காகவே திரும்பவும் அசைக்கும். தான் செய்வதற்கு உலகத்தில் ஒரு விளைவு உண்டு என்பதைக் குழந்தை கண்டுகொள்கிற இடம் இது. சுவிட்சர்லாந்து அறிஞர் ஜீன் பியாஜே தன் மூன்று பிள்ளைகளைத் தொட்டிலில் இருந்தே கவனித்துக் குறிப்பெடுத்தவர். பார்த்தும் தொட்டும் அசைத்துமே உலகை அறிகிற, பிறப்பு முதல் இரண்டு வயது வரையான புலன்-இயக்கப் பருவத்தில், நான்கு மாதம் முதல் எட்டு மாதம் வரைக்கான அடையாளமாக அவர் வைத்தது இந்தத் திரும்பத் திரும்பச் செய்தலைத்தான். ஆறு மாதவாக்கில் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றும். அதனால் கைப்பிடி இரண்டு பிஞ்சுக் கைகள் பிடிக்க நீளமாக இருப்பது நல்லது.

மரக் கிலுகிலுப்பையில் கனம் ஒரு குறை. நாலு மாதக் குழந்தை அசைக்கிற வேகத்துக்குத் தன் நெற்றியிலேயே அடித்துக்கொள்ளும். இந்த வயதுக்குப் பனையோலைக் கிலுகிலுப்பையே மேல், ஆனால் ஓலை முனை கண்ணைக் குத்தாதபடி மடித்து முடிந்திருக்க வேண்டும். உள்ளே என்ன போட்டிருக்கிறது என்று கட்டாயம் கேளுங்கள். குன்றிமணி என்றால் வேண்டவே வேண்டாம். அதன் தோல் உடைந்து பருப்பு வயிற்றுக்குள் போனால் கடும் விஷம்.

நடைவண்டிக்கு வருவோம். "பிள்ளை சீக்கிரம் நடக்கட்டும்" என்றுதான் எல்லோரும் வாங்குகிறார்கள். நடைவண்டி யாரையும் சீக்கிரம் நடக்க வைக்காது. உலக சுகாதார நிறுவனம் 2006ல் வெளியிட்ட அளவுகளின்படி பிடிமானம் இல்லாமல் உட்காருவது 3.8 முதல் 9.2 மாதத்துக்குள், பிடித்துக்கொண்டு நடப்பது 5.9 முதல் 13.7 மாதத்துக்குள், தனியாக நடப்பது 8.2 முதல் 17.6 மாதத்துக்குள். எட்டரை மாதத்தில் நடக்கிற பிள்ளையும் பதினேழு மாதத்தில் நடக்கிற பிள்ளையும் இந்த அளவுக்குள்தான் வருகிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு வண்டி வாங்குவதில் பொருள் இல்லை. நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்களும் ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் சப்பாணி, பதின்மூன்றாம் மாதம் வருகை என்று பருவம் வகுத்திருக்கிறார்கள். கையூன்றித் தலை தூக்கி ஆடுவது, உட்கார்ந்து கை கொட்டுவது, தளர்நடை நடந்து வருவது என்ற வரிசை இன்றைய குழந்தை மருத்துவர் கையில் இருக்கிற வரிசைக்கு நெருக்கமாகவே இருக்கிறது. மாதத்தைவிட வரிசைதான் நம்பத்தக்கது.

நடைவண்டி கொடுக்க ஏற்ற நேரம், குழந்தை நாற்காலியையோ கட்டிலையோ பிடித்துத் தானே எழுந்து, பக்கவாட்டில் அடியெடுத்து வைக்கத் தொடங்கிய பிறகு. நாமாக அதைத் தூக்கி நிறுத்தி வண்டியைக் கையில் திணித்தால் இன்னும் நேரம் வரவில்லை என்று பொருள். கைப்பிடி குழந்தையின் வயிற்றுக்கும் மார்புக்கும் நடுவே இருக்கட்டும். அதைவிட உயரம் என்றால் தொங்கிக்கொண்டு நடக்கும், தாழ்ந்திருந்தால் குனிந்து தலைகுப்புற விழும்.

இந்த வண்டியில் வரும் பெரிய கோளாறு முன்னே ஓடிப்போவது. மரம் லேசு, தரையோ வழுவழுப்பான டைல்ஸ். குழந்தை சாய்ந்ததும் வண்டி ஓடிவிடும், கால் பின்தங்கும், முகம் தரையில் அடிக்கும். அடிச்சட்டத்தின் முன்பக்கம் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ மணலைத் துணிப்பையில் இறுகக் கட்டி வைத்தால் ஓட்டம் அடங்கும். பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிச் சக்கரத்தின் மேல் மாட்டினால் டைல்ஸிலும் வழுக்காது. முன்னால் ஒற்றைச் சக்கரம் என்பதால் திருப்பும்போது பக்கவாட்டில் கவிழ்வது இரண்டாவது கோளாறு. பின்சக்கரங்களுக்கு இடையே அகலம் கூடுதலாக இருக்கிற வண்டியாகப் பார்த்து எடுங்கள். கடையிலேயே கைப்பிடியின் ஒரு ஓரத்தை மட்டும் கீழ்நோக்கி அழுத்துங்கள், மறுபக்கச் சக்கரம் உடனே தூக்கினால் அந்த வண்டி வேண்டாம். அச்சு ஆணியின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா, சக்கரம் கழன்று வருமா, சட்டத்தின் மூட்டில் விரல் நசுங்கும் இடுக்கு இருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிட வேண்டும். வீட்டில் முற்றமோ வராந்தாவோ உகந்தது. திண்ணை விளிம்பும் படிக்கட்டும் இருக்கிற பக்கம் கூடவே ஆள் இருக்க வேண்டும்.

இத்தனை குறை சொன்ன பிறகும், உட்காரும் இருக்கை வைத்த பிளாஸ்டிக் வாக்கரோடு வைத்துப் பார்த்தால் நடைவண்டிதான் பல மடங்கு உயர்வு. வாக்கரில் குழந்தை தொங்குகிறது. நுனிக்காலால் உந்துகிறது, தன் கால்களையே அதனால் பார்க்க முடியாது, சமநிலை என்பதைக் கற்க வேண்டிய வேலையே இல்லை. ஒரு விநாடியில் மூன்றடிக்கு மேல் பாய்ந்துவிடும், அடுப்படியிலோ படியிலோ போய்ப் பிடிக்க நமக்கு நேரம் இருக்காது. கனடா 2004ல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. நடைவண்டியில் உடல் எடை குழந்தையின் காலில்தான் நிற்கிறது, விழப்போனால் கையை விட்டு உட்கார்ந்துகொள்ளலாம். யாராவது வாக்கர் பரிசளித்தால் நன்றி சொல்லி ஓரமாக வைத்துவிட்டு நடைவண்டி வாங்குங்கள்.

ஒன்றிலிருந்து மூன்று வயது வரை பெட்டியைப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும். இதற்கு வீட்டிலேயே ஒரு அளவுகோல் செய்துகொள்ளலாம். கெட்டி அட்டையை 3.2 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள குழலாகச் சுருட்டி, 5.7 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டுங்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் சரி, முழுசாக அதற்குள் மறைகிற உருப்படி மூச்சுக்குழாயை அடைக்கும் அளவு. உருண்டையாக இருந்தால் நான்கரை சென்டிமீட்டருக்குக் குறைந்த எதுவும் கூடாது. இந்தச் சோதனையில் பெரும்பாலான பெட்டிகளில் குழவி, சின்ன மூடிகள், குட்டிக் கிண்ணங்கள் எல்லாம் தோற்றுவிடும். திருகையின் கைப்பிடி முளையை இழுத்துப் பாருங்கள், பசையில் நிற்கிற முளைதான் முதலில் கழலும். உலக்கையும் நீளக் கரண்டியும் அளவில் தேறினாலும், வாயில் வைத்துக்கொண்டு ஓடுகிற வயதில் அண்ணத்தைக் குத்திவிடும். தேறுகிறவை பெரிய பானை, சட்டி, குடம், ஆட்டுரலின் அடிப்பகுதி. இந்த நாலைந்து போதும், மற்றதை மேலே எடுத்து வையுங்கள்.

அந்த நாலைந்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் சுவாரசியம். எட்டு மாதம் தாண்டியதும் மூடியிட்ட பானைக்குள் ஒளித்த பொருளைக் குழந்தை தேடத் தொடங்கும். கண்ணுக்கு மறைந்தாலும் பொருள் இருக்கிறது என்ற அறிவு அப்போதுதான் பிறக்கிறது என்றார் பியாஜே. உளவியல் ஆய்வாளர் ரெனே பெய்லார்ஜன் 1985ல் வேறு இருவரோடு செய்த ஆய்வு, ஐந்து மாதக் குழந்தைகளின் பார்வையிலேயே அந்த அறிவின் சாயல் தெரிகிறது என்று காட்டியது. தேடிக் கை நீட்டுவது பிந்தி வருகிறது, அறிவு முந்தி வருகிறது. பதினொரு பன்னிரண்டு மாதத்தில் காலிக் குடத்தை வாயில் வைத்துக் குடிப்பதுபோல் செய்யும். ஒன்றரை வயதில் அதே குடத்தைப் பொம்மையின் வாயில் வைக்கும், அம்மா வாயிலும் வைக்கும். இரண்டு வயதில் அடுப்பில் பானை வைத்து, கிண்டி, ஊற்றி, ஊட்டுவது என்று செயல்கள் சங்கிலியாகக் கோக்கும். இரண்டரை மூன்றில் அரிசி இல்லாமலே சோறு வெந்துவிடும், இலையே அப்பளமாகிவிடும்.

இந்தப் பாவனை விளையாட்டு வெறும் பொழுதுபோக்கு அல்ல, மொழிக்கு அடித்தளமும் இதுதான். ஒன்று மற்றொன்றைக் குறிக்கலாம் என்பது இரண்டுக்கும் பொது. அதனால் இரண்டரை வயது ஆகியும் எந்தச் சாமானையும் வைத்துப் பாவனை இல்லை, சக்கரத்தை உருட்டுவதும் வரிசையாக அடுக்குவதும் மட்டுமே இருக்கிறது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. பதினெட்டு மாதம் ஆகியும் தனியாக நடக்காவிட்டாலும் அப்படியே. 2013ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் என்கிற தேசியக் குழந்தை நலத் திட்டத்தில் பிறப்பு முதல் 18 வயது வரை இலவசப் பரிசோதனை உண்டு. அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டால் வழி சொல்வார்கள். "ஆம்பளப் பிள்ளை, லேட்டாத்தான் பேசும்" என்று ஆச்சி சொல்வதைக் கேட்டுச் சும்மா இருந்துவிட வேண்டாம்.

மூன்று வயதுக்குப் பிறகு முழுப் பெட்டியையும் இறக்கலாம். இனிதான் சொப்பு தன் முழு மதிப்பைக் காட்டும். பியாஜே பிறந்த அதே 1896ல் அன்றைய ரஷ்யப் பேரரசில் பிறந்தவர் உளவியலாளர் லெவ் விகாட்ஸ்கி. விளையாட்டில் குழந்தை தன் அன்றாட வயதுக்கு மேலே நிற்கிறது என்பது அவர் கருத்து. நாலு வயதுப் பிள்ளையைச் சும்மா உட்காரச் சொன்னால் இரண்டு நிமிஷம் தாங்காது. சொப்பு வைத்து "சோறு வேகிற வரைக்கும் எல்லாரும் இருங்க" என்று விளையாட்டில் சொல்லிவிட்டால் தானே காத்திருக்கும். விளையாட்டின் விதிக்குத் தன்னைக் கட்டுப்படுத்துகிறது. தனியாகச் செய்ய முடியாததைத் தெரிந்தவர் துணையோடு செய்கிற இடைவெளியில்தான் கற்றல் நடக்கிறது என்பது அவருடைய இன்னொரு முக்கியமான கண்டுபிடிப்பு. திருகையைச் சுற்றத் தெரியாத பிள்ளையின் கைமேல் கை வைத்து இரண்டு சுற்று சுற்றிவிட்டுக் கையை எடுத்துக்கொள்கிற ஆச்சி செய்வது அதைத்தான். முழுவதும் தானே சுற்றிக் காட்டுவதும் உதவாது, ஒன்றும் சொல்லாமல் விடுவதும் உதவாது.

அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932ல் விளையாட்டின் சமூகப் படிகளை வகுத்தார். ஒரே சாமானை வைத்துப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக விளையாடுவது, பிறகு கொடுத்து வாங்கி விளையாடுவது, பிறகு ஒரே சமையலுக்கு வேலை பிரித்துக்கொள்வது. இரண்டரை வயதுப் பிள்ளைகள் இருவருக்கு ஒரே பெட்டியைக் கொடுத்தால் சண்டைதான் வரும், அது கெட்ட குணமல்ல. அந்த வயதில் ஒரே உருப்படி இரண்டிரண்டாக இருக்க வேண்டும். நாலரை ஐந்தில் ஒரு அடுப்பு போதும், "நீ கடைக்குப் போ, நான் ஆக்குதேன்" என்று அவர்களே பிரித்துக்கொள்வார்கள். இந்தச் சாமானைப் பெண் பிள்ளைக்கு மட்டும் வாங்குகிற வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. பாவனையும் பேச்சும் பொறுமையும் பையனுக்கும் வேண்டும்.

பள்ளிக்கூடத்துக்கு முந்திய கணக்கும் இதில் இருக்கிறது. அடுக்குப் பானை ஏழெட்டு இருந்தால் பெரியது முதல் சிறியது வரை வரிசையாக்கச் சொல்லுங்கள். நாலு வயதுப் பிள்ளை இரண்டு மூன்றை மட்டும் சரியாக வைத்துவிட்டு மற்றதை இஷ்டத்துக்கு வைக்கும். ஐந்தரை ஆறில் வைத்து, எடுத்து, மாற்றி ஒருவழியாக முடிக்கும். ஏழில் முதலில் எல்லாவற்றிலும் பெரியது, மிச்சத்தில் பெரியது என்று முறையாகப் போகும். அகலச் சட்டியில் இருக்கிற அரிசியை ஒல்லியான குடத்தில் கொட்டி "இப்ப எது கூட?" என்று கேட்டால் ஐந்து வயதுப் பிள்ளை குடத்தைக் காட்டும். திருத்த வேண்டாம், திட்டவும் வேண்டாம். உயரம் ஒன்றையே பார்க்கிற பருவம் அது. ஏழு வயதுவாக்கில் "அதேதானே, திருப்பி ஊத்தினா தெரியும்" என்று தானே சொல்லும். அதற்குப் பின், கண்ணெதிரே இருக்கிற பொருளை வைத்து முறையாக யோசிக்கிற பருவம், ஏறக்குறைய பதினொன்று வரை. கண்கூடான செயல்பாட்டுப் பருவம் என்பார் பியாஜே.

அந்த வயதுக்குச் சொப்பின் கவர்ச்சி குறைந்துவிடும், மரப் பல்லாங்குழி வாங்குங்கள். பதினான்கு குழி, குழிக்கு ஐந்தாக எழுபது புளியமுத்து. எந்தக் குழியில் எடுத்தால் எங்கே முடியும் என்று கையை வைக்காமலே கண்ணால் எண்ணிப் பார்ப்பது இந்தப் பருவத்துக்கு ஏற்ற பயிற்சி. முத்து விழாத ஆழமாக, குழி ஒரே அளவாகக் கடைந்திருக்கிறதா, மடக்கும் பலகையில் கீல் இறுக்கமா என்று பார்த்தால் போதும். பம்பரமும் எடுக்கலாம், ஆணி நடுமையத்தில் நேராக இறங்கியிருந்தால்தான் நின்று சுற்றும். உளவியலாளர் எரிக் எரிக்சன் ஆறு முதல் பன்னிரண்டு வரையான வயதை உழைப்புக்கும் தாழ்வுணர்ச்சிக்கும் இடையிலான போராட்டமாகப் பார்த்தார். ஒரு காரியத்தைத் தன் கையால் சரியாகச் செய்து முடித்தேன் என்ற நிறைவு இந்த வயதுக்குச் சாப்பாடு மாதிரி. பம்பரம் சுற்றக் கற்றுக்கொள்வதில் அது கிடைக்கிறது.

வளரிளம் பருவத்துக்கு இந்தக் கடைகளில் சரக்கு குறைவு. பன்னிரண்டுக்கு மேல் "இப்படி நகர்த்தினால் அவன் என்ன செய்வான், அதற்கு நான் என்ன செய்வேன்" என்று நடக்காததை வைத்து யோசிக்கிற திறன் திறக்கிறது. அதற்கு மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்து மூன்று புள்ளி கொண்ட ஆடுபுலி ஆட்டப் பலகை பொருத்தம். கட்டத்தைத் தரையில் சாக்பீஸால் வரைந்தும் ஆடலாம், பலகை வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. யார் நான் என்று தேடுகிற வயதுப் பிள்ளைக்கு அப்பாவோ மாமாவோ எதிரே உட்கார்ந்து ஆட வேண்டும், மரத்தைவிட அதுதான் முக்கியம்.

பராமரிப்பில் நிறையப் பேர் தவறுவது ஒன்று உண்டு. சானிடைசரால் துடைக்கக் கூடாது. அரக்கு ஆல்கஹாலில் கரையும், பளபளப்பு போய்ப் பிசுபிசுக்கும், சாயம் கையில் ஏறும். கொதிநீரில் போட்டால் அரக்கு வெளுத்து இளகும். சோப்பு நீரில் ஊறவைத்தால் மரம் உப்பி மூடி இறுகிக்கொள்ளும், காய்ந்ததும் அடிப்பக்கம் வெடிக்கும். பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்துணியால் துடைத்து, நிழலில் காயவைத்தால் போதும். வெயிலில் நிற்கிற காருக்குள் பெட்டியை விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகாதீர்கள். சில்லு பெயர்ந்த விளிம்பை உப்புத்தாளால் மழுக்கி, சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவலாம். விரிசல் விழுந்ததை ஒட்டவைத்துக் கொடுக்காமல் எடுத்துவிடுங்கள்.

விற்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மூன்று வயதுக்குக் கீழே கொடுக்கத்தக்க ஐந்து பெரிய உருப்படிகளைத் தனிப் பெட்டியாக, சிறியவற்றை "மூன்று வயதுக்கு மேல்" என்று எழுதிய வேறு பெட்டியாகக் கட்டித் தாருங்கள். திருகை முளையைப் பசையில் ஒட்டாமல் கட்டையோடு சேர்த்தே கடையுங்கள். அதுவரை வாங்குகிறவர்கள் உதிரியாகக் கேட்டுப் பாருங்கள். தரமாட்டோம் என்றால் முழுப் பெட்டியை வாங்கி, சின்ன உருப்படிகளைப் பிள்ளைக்கு மூன்று வயது முடியும் வரை பரணில் போட்டு வையுங்கள்.